தீராத பசியின் வரலாறு



சோற்றுப் பானையை ஒளிந்து திறக்கும் பிள்ளையை நாம் பெருந்தீனிக்காரன் என்று ஏசுகிறோம். தாயின் வளர்ப்பையும் பழிக்கிறோம். அப்படி ஏச்சு வாங்கியவர்களுள் சிலருக்கு இருந்தது ஓர் அரிய நோய்.

1956ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், பிராடர், லாபார்ட், வில்லி என்னும் மூன்று மருத்துவர்கள் ஒரே விதமான ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். குழந்தைப் பருவத்தில் பால் உறிஞ்சவும் வலுவின்றித் துவண்டு கிடந்த இவர்கள், பின்னர் குள்ளமாகவும் பருத்தும் வளர்ந்தார்கள். இந்நோய்க்குப் பிராடர்-வில்லி என்றே பெயர் நிலைத்தது.

இவர்களுக்கு எவ்வளவு உண்டாலும் 'போதும்' என்ற உணர்வு மூளையில் எழுவதில்லை. ஆகவே உணவைத் திருடுகிறார்கள், மறுத்தால் ஆத்திரப்படுகிறார்கள், தோலைக் கிள்ளிப் புண்ணாக்கிக் கொள்கிறார்கள்.

காரணம் 1981இல்தான் புலப்பட்டது. உயிரணுவில் பரம்பரைக் குணங்களைத் தாங்கும் இழைகளே குரோமோசோம்கள். அவற்றுள் 15ஆம் குரோமோசோமில் பலருக்கு ஒரு சிறு துண்டு இல்லை. பெரும்பாலும் இது தற்செயலாக நேர்வது; பெற்றோர் செய்த பிழையன்று.

எனவே அடியும் ஏச்சும் இதற்கு மருந்தாகா. வேளை தவறாத அளவான உணவு, பூட்டிய அலமாரி, வீட்டார் அனைவரின் ஒரே சொல் ஆகியவையே அப்பிள்ளையைக் காக்கும். அந்தத் தாயைப் பழிக்காமல் நாமும் துணை நிற்போமாக.