விளையாட்டும் கல்வியே

நம் நாட்டுப் பள்ளிகளில் தேகப்பயிற்சி என்பது நெடுங்காலம் வரிசையில் நின்று கைகால் அசைக்கும் ‘டிரில்’ அளவிலேயே இருந்தது. அதனை மாற்ற முன்னின்றவர் அமெரிக்கரான ஹாரி குரோ பக். 1919இல் சென்னை வந்த அவர், 1920இல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். பள்ளிதோறும் பிள்ளைகள் ஆடவேண்டுமெனில் முதலில் ஆசிரியர் பயிற்சி பெறவேண்டும் என்பதே அதன் அடிப்படை. சடுகுடு முதலிய நம் ஆட்டங்களும் அங்கே உரிய மதிப்புப் பெற்றன. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் அவரே. அவர் 1943இல் மறைந்தார். நந்தனத்தில் அக்கல்லூரி இன்றும் விளங்குகிறது.

5 முதல் 17 வயதுவரை உள்ளோர்க்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ரிச்சர்ட்ஸ் டவுன் பிள்ளைகளுக்கோ பள்ளி விட்டால் டியூஷன். டியூஷன் விட்டால் கைப்பேசி. பூங்கா அருகிலிருந்தும் பயன் என்ன?

விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடம் விழுங்குமாயின், பெற்றோராகிய நாமே பள்ளியில் சென்று கேட்டல் வேண்டும். மதிப்பெண்ணை விசாரிக்கும் நாம், “இன்று என்ன விளையாடினாய்?” என்றும் நாள்தோறும் விசாரிப்போமாக!