சுண்ணாம்புக் கம்பமும் எலும்பின் சாந்தும்



இன்று நாம் லிட்டில் இந்தியா என்றழைக்கும் சிராங்கூன் சாலைப் பகுதிக்கு நம் முன்னோர் வைத்த பெயர் சுண்ணாம்புக் கம்பம். கம்பம் என்பது மலாய் மொழியின் கம்போங். சிற்றூர் என்று பொருள். சுண்ணாம்புக் காளவாய்களில் உழைத்த தமிழர்கள் எழுப்பிய வீரமாகாளியம்மன் ஆலயமும் சுண்ணாம்புக் கம்பக் கோயில் என்றே வழங்கிற்று.

அக்காலத்துச் சாந்து வெறும் சுண்ணாம்பன்று. 1856 முதல் 1861 வரை இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்த செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் சுவர்களுக்கு 'மெட்ராஸ் சுண்ணம்' பூசப்பட்டது. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றைக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைச் சேர்ப்பர். காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். சுண்ணாம்போடு ஒப்பிட்டால் வெண்கரு சிறிதளவே. எனினும் கொத்தனார் அதை விடமாட்டார்.

எலும்பைப் பற்றிப் பாடம் நடத்துகையில் இச்சாந்தே என் நினைவுக்கு வருகிறது. "எலும்பு எதனால் ஆனது?" என்று கேட்டால், "கால்சியம்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். பெற்றோரும் அவ்வாறே எண்ணிப் பாலையும் மாத்திரையையும் கொடுக்கின்றனர். கோழி எலும்பொன்றைச் சில நாள் வினிகரில் ஊறப்போட்டுப் பாருங்கள். தாது கரைந்து போகும். ஆயினும் எலும்பு அதே வடிவில், வளையும் தன்மையோடு எஞ்சி நிற்கும். எஞ்சியது புரதம். (வீட்டிலேயே செய்யலாம், வாடைக்கு நான் பொறுப்பல்ல.)

அப்புரதத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு கொலாஜன். அது மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954, 1955ஆம் ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து உலகுக்கு அறிவித்தவர்கள் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இதை நம் பிள்ளைகள் அறியாதிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மீதமுள்ள 10 விழுக்காட்டைப் பற்றியதே என் கட்டுரை. 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் என்னும் அமெரிக்க மருத்துவர், தாது நீக்கிய எலும்பை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். எலும்பே இல்லாத அவ்விடத்தில் புதிய எலும்பு முளைத்தது! அதைத் தூண்டியது எது? 1981இல் சம்பத்தும், இந்தியாவில் பிறந்து தில்லியில் முனைவர் பட்டம் பெற்ற ஹரி ரெட்டியும் அமெரிக்காவில் இக்கேள்வியைப் பிரித்தறிந்தனர். தாது நீக்கிய எலும்பிலிருந்து கரையக்கூடிய புரதங்களைக் கரைத்தெடுத்தனர். எஞ்சிய பெரும்பகுதி கொலாஜன். அதை எலிகளுக்குள் வைத்தபோது எலும்பு உண்டாகவில்லை. கரைத்தெடுத்ததை மீண்டும் அதனோடு சேர்த்தபோது எலும்பு உண்டாயிற்று. கயிறு மட்டும் போதாது என்பது ஐயமின்றி விளங்கியது. பின்னாளில் எலும்பு முறிவு மருத்துவத்துக்கே இவ்வழி புரதமொன்று மருந்தாக வந்தது.

ஆஸ்டியோகால்சின், ஆஸ்டியோபாண்டின், எலும்பு சயலோபுரதம் எனப் பல புரதங்கள் இக்கூட்டத்தில் உண்டு. சில, கால்சியப் படிகம் தோன்றத் துணைபுரிகின்றன. சில, அது மிகாமல் தடுக்கின்றன. வெண்கருவும் இவையும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. சாந்தில் இறுகுவது கால்சியம் கார்பனேட். எலும்பில் படிவது கால்சியம் பாஸ்பேட். அன்றியும் வெண்கருவுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது.

அந்த நிறுத்தம் எத்துணை இன்றியமையாதது என்பதை 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 'மேட்ரிக்ஸ் கிளா' என்னும் புரதம் இல்லாமல் பிறந்த எலிகளின் இரத்தக்குழாய்களில் கால்சியம் படிந்தது. இரண்டு மாதங்களுக்குள் அவை இறந்தன.

இப்புரதமும் ஆஸ்டியோகால்சினும் கால்சியத்தைப் பற்றும் திறனைப் பெற வைட்டமின் கே தேவை. தேக்கா சந்தையில் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும் கீரைகளில் அது நிறைய உண்டு. வார்ஃபரின் மருந்து உட்கொள்ளும் பெரியவர்கள் வீட்டிலிருந்தால் மட்டும், மருத்துவரைக் கேளாமல் கீரையின் அளவைத் திடீரென மாற்ற வேண்டா.