இங்கையும் மழைதான்

ஒவ்வொரு வீட்டிலும் வெளியாருக்கு விளங்காத சில சொற்கள் உண்டு. விருந்தினர் முன்னால் அம்மா அதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், வந்தவர் முழிப்பார். இதையெல்லாம் சரித்திரம் என்று யார் எழுதி வைக்கப் போகிறார்கள் என்று நினைக்கிறோம். ஆனால் நாங்கள் வந்து சேர்ந்த இந்த ஜேர்மனியிலேயே ஒரு குடும்பத்தின் வீட்டுப் பேச்சு சரித்திரத்தில் இடம் பிடித்திருக்கிறது. அவர்களும் எங்களைப் போல நாட்டை விட்டுப் போனவர்கள்தான்.

1929இல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் தோமஸ் மானின் குடும்பம் அது. மியூனிச்சில் பொஷிங்கர் வீதியில் அவர்களுக்குப் பெரிய வீடு. பிள்ளைகள் அந்த வீட்டைச் செல்லமாகப் 'பொஷி' என்றார்கள். தாய் கத்தியாவை 'மீலைன்' என்றார்கள். தகப்பனுக்குப் பட்டப்பெயர் 'மந்திரவாதி'. பிள்ளைகளுக்கு எழுதும் கடிதங்களில் அவரே அந்தச் சொல்லின் முதலெழுத்தைக் கையெழுத்தாகப் போடுவதுண்டு. ஒரு மகன் குழந்தையில் தன் பெயரைச் சொல்ல வராமல் 'கோலோ' என்றான். பிற்காலத்தில் பேர்பெற்ற சரித்திர ஆசிரியராகி, கோலோ மான் என்ற அந்த மழலைப் பெயரிலேயே புத்தகங்கள் எழுதினார்.

1933 தை 30ஆம் திகதி ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மாசியில் தோமஸ் மானும் மனைவியும் சொற்பொழிவுப் பயணமாக வெளிநாடு போய், பிறகு சுவிற்சலாந்தில் அரோசா என்ற மலையூரில் தங்கினார்கள். பங்குனியில் பவேரியாவும் நாசிகளின் கைக்குப் போனது. மியூனிச்சில் நின்ற மூத்த மகள் எரிக்காவும் மகன் கிளாவுசும், பெற்றோர் திரும்பி வந்தால் ஆபத்து என்று ரெலிபோன் எடுத்தார்கள். யாராவது ஒட்டுக் கேட்கலாம் என்ற பயத்தில், இங்கே காலநிலை மோசம், அங்கேயே நில்லுங்கள் என்ற விதமாகச் சொன்னார்கள். தகப்பனுக்கு விளங்கவில்லை. அங்கேயும் காலநிலை திறமில்லை என்றார். வீடு துப்புரவாக்கும் வேலை நடக்கிறது, ஒரே அலங்கோலம் என்று வேறு சாட்டுச் சொன்னார்கள். அதுவும் எடுபடவில்லை. கடைசியில் உள்ளதை உடைத்துச் சொன்ன பிறகே விளங்கியது. கிளாவுஸ் தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார்.

1936இல் தோமஸ் மானின் ஜேர்மன் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது. 1938இல் அமெரிக்காவில் குடியேறினார். 1955இல் சூரிச்சில் இறக்கும்வரை அவர் மீண்டும் ஜேர்மனியில் வாழவில்லை.

இதை வாசித்தபோது முதலில் சிரித்தேன். பிறகு எங்கடை கதை ஞாபகம் வந்தது. 1987 வைகாசிக் கடைசியில் வடமராட்சியில் 'ஒப்பரேசன் லிபரேசன்' தொடங்கியது. கொழும்பிலிருந்து சித்தப்பா நான் இருந்த அகதிகள் ஹைமுக்கு ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, ஊரிலை சரியான மழையாம்."

நான் யன்னலைப் பார்த்துவிட்டு, "இங்கையும் மழைதான் சித்தப்பா" என்றேன்.

அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. "எடேய், வைகாசியிலை ஊரிலை எப்பவடா இப்பிடி மழை பெய்தது?"

அப்போதுதான் அது ஷெல் மழை என்று விளங்கியது.

இன்றும் எங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு விஷயம் பிடிபடாவிட்டால் "இங்கையும் மழைதான்" என்போம். இங்கே பிறந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த மழையில் எங்கள் வீட்டுக் கூரை போனது அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

மான் குடும்பத்தில் செல்லப்பெயர்களுக்குக் குறைவில்லை. ஆபத்துக்கு மட்டும் அவர்களிடம் ஒரு சொல் இருக்கவில்லை, அதுவரை தேவைப்படவில்லை. வீட்டுச் சொல் ஒருவர் நினைத்தவுடன் உண்டாகிவிடாது. சொல்பவரும் கேட்பவரும் ஒன்றாக எதையோ பட்டிருக்க வேண்டும். கதையை விட்டுவிட்டுச் சிரிப்பை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், அடுத்த தலைமுறையில் அது வெறும் சத்தம்தான்.

சித்திரைப் புத்தாண்டுக்குக் கைவிசேடம் கொடுக்கும்போது, உங்கள் வீட்டுச் சொல் ஒன்றின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். இந்த முறை நானும் சொல்லப் போகிறேன்.