வண்ணத்தில் எழுதிய எண்

நாம் வாழும் இப்பகுதிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் தேயிலையை எழுதுவர், ஏலத்தை எழுதுவர், 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று சித்தூரும் தேவிகுளமும் பீர்மேடும் கேரள மாநிலத்தின் பகுதிகளான கதையை எழுதுவர். அவையெல்லாம் எழுதத் தக்கவையே. ஆயினும் மின்சாரத்தோடு நம் இல்லங்களுக்குள் அரவமின்றிப் புகுந்து, இன்று நம் பிள்ளைகளின் பாடப் புத்தகம் வரையில் வந்து நிற்கும் ஒரு சிறு பொருளின் வரலாற்றை நம் மலர்களில் எவரும் எழுதக் கண்டிலம். அப்பொருள் மின்தடை. கடைத்தெருவில் அதனை ரெசிஸ்டர் என்பர். அரிசி மணியினும் சற்றே பருத்த உடலும், இருபுறமும் நீண்ட கம்பியும், உடலைச் சுற்றி வண்ண வளையங்களும் கொண்டது அது. அவ்வளையங்களைப் படிக்கும் கலை எவ்வாறு தோன்றியது, பின்னர் அக்கலையைக் கணிப்பொறி எவ்வாறு ஏற்றுக்கொண்டது, அதில் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு என்ன பங்கு என்பவற்றையே இங்கே கூற விழைகின்றோம்.

மின்னோட்டத்தைத் தடுத்து மட்டுப்படுத்துவது மின்தடையின் தொழில். வாய்க்காலில் மடை செய்யும் வேலையை மின்சுற்றில் இது செய்கிறது எனலாம். அழுத்தம், ஓட்டம், தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவை ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827இல் நூலாக வெளியிட்டார். தடையின் அளவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. எனினும் பொதுமக்களின் வீட்டுக்குள் மின்தடையைக் கொண்டுவந்தது வானொலிப் பெட்டியே. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939இல் ஒலிக்கத் தொடங்கியது. மறு ஆண்டே, அதாவது 1940இல், மூணாற்றுக்கு அருகே பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்நிலையங்கள் இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இயங்கத் தொடங்கின என்பது நினைத்து மகிழத் தக்க பொருத்தம் அன்றோ!

வானொலிப் பெட்டி ஒன்றனுள் பல மின்தடைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அளவு. அளவை அதன் மேல் எழுதிவிட்டால் போதாதா, வண்ணம் எதற்கு என்று வினவலாம். எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் இடர் தெரிந்தது. இத்துணைச் சிறிய உருளையில் அச்சிட்ட எண் உரசலில் அழியும். எண் உள்ள பக்கம் கீழ்நோக்கிப் பொருத்தப்பட்டுவிட்டால், பழுது பார்ப்பவன் அதனைப் பிடுங்கித்தான் படிக்க வேண்டும். வண்ணத்துக்கு இவ்விரு குறையும் இல்லை. 1924இல் அமெரிக்காவில் அமைந்த வானொலி உற்பத்தியாளர் சங்கம் வண்ணக் குறிமுறையைப் பரப்பிற்று. முதலில் வளையங்கள் இல்லை. உடலின் நிறம் முதல் இலக்கம். ஒரு நுனியின் நிறம் இரண்டாம் இலக்கம். நடுவே இட்ட பொட்டின் நிறம் அதன்பின் வரும் சுழிகளின் எண்ணிக்கை. பழைய வால்வுப் பெட்டியைத் திறந்தால் பொட்டிட்ட இம்மின்தடைகளை இன்றும் காணலாம். பொட்டும் ஒரு பக்கத்திலேயே இருந்தமையால் பழைய இடர் முற்றும் தீரவில்லை. பிறகு வந்த வளையமோ, எப்பக்கம் திருப்பினும் தெரிந்தது. பன்னாட்டு மின்தொழில்நுட்பக் குழு 1952இல் இதனை உலகப் பொது முறையாக வெளியிட்டது.

முறை எளிது. கருப்பு சுழியம், பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு, ஆரஞ்சு மூன்று, மஞ்சள் நான்கு, பச்சை ஐந்து, நீலம் ஆறு, ஊதா ஏழு, சாம்பல் எட்டு, வெள்ளை ஒன்பது. இருளில் தொடங்கி வெளிச்சத்தில் முடிகிறது. இடையில் வானவில் வளைந்து கிடக்கிறது. இவ்வரிசையை அமைத்தவர் எவரோ, நல்ல கண்ணுடையவர்! மஞ்சள், ஊதா, சிவப்பு என்று மூன்று வளையம் கண்டால் நான்கு, ஏழு, அதன்பின் இரு சுழி. ஆக 4700 ஓம். நான்காவதாகத் தங்க வளையம் இருப்பின் நூற்றுக்கு ஐந்து கூடவோ குறையவோ இருக்கலாம் என்று பொருள். அதாவது 4465 முதல் 4935 வரை எதுவாயினும் குற்றமன்று. வெள்ளி வளையமாயின் நூற்றுக்குப் பத்து. நான்காம் வளையமே இல்லையெனில் நூற்றுக்கு இருபது.

இங்கே ஒரு வினா எழும். ஐயாயிரம் என்று முழு எண்ணாகச் செய்யாமல் 4700 என்று எவரேனும் செய்வரோ? இதன் விடை பிரான்சு நாட்டுப் படைப் பொறியாளர் சார்லஸ் ரெனார் என்பவரிடத்தில் தொடங்குகிறது. 1870களில் பறக்கும் பலூன்களுக்கு வேண்டிய கயிறுகள் 425 வகையாகக் குவிந்து கிடந்தன. ஒவ்வோர் அளவும் முந்தையதைப் போல் ஒரே மடங்கு பெருகுமாறு அமைத்து, அவற்றை 17 வகையாகச் சுருக்கினார் அவர். மின்தடைக்கும் அதே கருத்துத்தான். பத்துக்கும் நூற்றுக்கும் இடைப்பட்ட வெளியைப் பன்னிரண்டு சம மடங்குகளாகப் பகுத்து 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என நிறுத்தினர். நூற்றுக்குப் பத்து ஏற்ற இறக்கம் என்று கொண்டால் 47இன் மேல் எல்லை 51.7, 56இன் கீழ் எல்லை 50.4. ஒன்றின் எல்லை அடுத்ததன் எல்லைக்குள் சற்றே புகுந்து நிற்பதால், செய்யப்படும் மின்தடை பெரும்பாலும் ஏதேனும் ஒரு பெயருக்குள் அடங்கிவிடும், வீணாகாது.

இவ்வரிசையில் ஒரு வேடிக்கையும் உண்டு. கணக்கின்படி 47 வர வேண்டிய இடத்தில் வருவது 46.4, முழுமையாக்கினால் 46தான். 33 உள்ள இடத்தில் 31.6 வரும், 32 என்றே எழுத வேண்டும். ஆயினும் வழக்கில் நின்றவை 47உம் 33உமே. இலக்கணத்தை மீறி வழக்கு வென்ற இடம் இது. இதனை நினைவில் வைக்குமாறு வாசகர்களை வேண்டுகின்றோம். மென்பொருளைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

வளையம் சொல்வது மின்தடை பிறந்த நாளின் அளவு, இன்றைய அளவன்று. பழைய கரிக்கலவை மின்தடைகள் ஈரத்தை உறிஞ்சுபவை. ஈரம் ஏற ஏற அளவு மாறும்; பெரும்பாலும் கூடும். தென்மேற்குப் பருவமழையில் மாதக்கணக்கில் நனையும் தேவிகுளத்து மலையில் இதன் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ? பாலக்காட்டுக் கணவாயின் பக்கம் தொல்லை வேறு வகை. வெயிலோடு கருவியின் சூடும் சேரச் சேர, நாளடைவில் சிவப்பு வளையம் பழுப்பாகத் தோன்றும். நிறம் கெட்டால் எண் கெட்டது. எனவே பழுது பார்ப்போர் வளையத்தை மட்டும் நம்பாமல் அளவுமானியையும் தொட்டுப் பார்த்தனர்.

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் இந்தியத் தொலைபேசித் தொழிலகத்தின் தொழிற்சாலை 1976இல் அமைந்தது. நம் மக்கள் ஐ.டி.ஐ. என்றே அதனை அறிவர். மின்னணுத் தொலைபேசி இணைப்பகங்களுக்கான கருவிகள் அங்கே உருவாயின. அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1973இல், கேரள அரசு கெல்ட்ரான் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. வானொலிப் பெட்டியில் பத்தும் இருபதுமாக இருந்த மின்தடை, இத்தகைய தொழிற்சாலைகளில் பெட்டி பெட்டியாக எண்ணப்பட்டது. வண்ணம் படிக்கத் தெரிவது பொழுதுபோக்கு என்னும் நிலை மாறி, பிழைப்புக்குரிய கல்வி ஆயிற்று.

அக்கல்விக்குத் துணையாக வந்தவர் பி. பி. ராய் என்பவர். இவர் பிறந்தவர் அல்லர், புனையப்பட்டவர். வண்ணங்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து, பிரிட்டனில் வாழும் ராய் என்பவருக்கு நல்ல மனைவி வாய்த்த செய்தியாக ஒரு வாக்கியம் செய்தனர். இந்தியாவெங்கும் தொழிற்பயிற்சி மாணவர் அதனை மனனம் செய்தனர். தமிழ்ப் பிள்ளையும் அவ்வாறே செய்தான். நிறத்தைத் தமிழில் கண்டு, ஆங்கிலத்தில் பெயர்த்து, ராயின் வாக்கியத்தில் இடம் தேடி, எண்ணை மீண்டும் தமிழில் எண்ணினான். ஒரு வளையத்துக்கு இத்தனை பயணம்!

இனிக் கணக்கின் பக்கம் வருவோம். வளையம் படிப்பது பாதி வேலையே. 4700 ஓமையும் 10000 ஓமையும் பக்க இணைப்பில் சேர்த்தால் என்ன வரும்? பெருக்கி, கூட்டி, வகுத்தால் 3197 ஓம். முன்னர் இதற்கு மடக்கை அட்டவணையும் நழுவு அளவுகோலும் வேண்டியிருந்தன. இன்று இதனைச் செய்யும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. லினக்ஸ் கணிப்பொறிக்கு ஜிரெசிஸ்டர் என்று ஒன்று உண்டு. கைப்பேசிக்கு எலக்ட்ரோட்ராய்டு போன்றவை உண்டு. திரையில் ஒரு மின்தடையின் படம் தோன்றும். வளையங்களின் நிறத்தைத் தேர்ந்தால் அளவு வரும்.

இவற்றின் மெய்யான பயன் எதிர்த்திசையில்தான் விளங்குகிறது. ஐந்து வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கை ஏற்ற வேண்டும் என்று கொள்வோம். விளக்கு ஏறத்தாழ இரண்டு வோல்ட்டைத் தான் எடுத்துக்கொள்ளும். எஞ்சிய மூன்றை மின்தடை ஏற்க வேண்டும். 15 மில்லியாம்பியர் ஓட வேண்டுமெனில் 200 ஓம். ஆனால் பன்னிரண்டின் வரிசையில் இருநூறு இல்லையே! அடுத்துள்ளது 220: சிவப்பு, சிவப்பு, பழுப்பு. நல்ல மென்பொருள் இவ்வளவையும் தானே செய்து வண்ணத்தைக் காட்டும். அதனை எழுதுபவர் சூத்திரத்தை மட்டும் நம்பினால் 46 ஓம் என்று, அவ்வரிசை அறியாத ஒன்றைச் சொல்லும். ஆகையால் வழக்கிலுள்ள அளவுகளைப் பட்டியலாகவே அதனுள் எழுதி வைக்கின்றனர். கணிப்பொறியும் வழக்குக்குத் தலைவணங்குகிறது.

கேரள அரசு 2001இல் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 2017இல் அது கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. கட்டற்ற மென்பொருளையே பள்ளிகளில் பயன்படுத்துவது என்னும் அதன் கொள்கையை நாம் பெரிதும் மதிக்கின்றோம். காசு கொடுத்து வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையும் அதே மென்பொருளை வீட்டில் நிறுவிக்கொள்ளலாம் அல்லவா? 2022 டிசம்பரில் அந்நிறுவனம் பள்ளிகளுக்கு ரோபோ செய்முறைப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியது. ஆர்டுயினோ பலகை, எல்.இ.டி. விளக்குகள், ஒளியுணரி, சிறு மோட்டார் ஆகியவற்றோடு மின்தடைகளும் அப்பெட்டியில் உள்ளன. 2025 ஜூன் முதல் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் ரோபோவியல் பாடமாயிற்று. அப்புத்தகம் மலையாளம், ஆங்கிலம், கன்னடம் ஆகியவற்றோடு தமிழிலும் வந்துள்ளது. சித்தூர் வட்டத்திலும் தேவிகுளத்திலும் தமிழ்வழி பயிலும் நம் பிள்ளைகளுக்கு, ராயின் துணையின்றி மின்தடையைப் படிக்கும் வாய்ப்பு வாய்த்திருக்கிறது.

இங்கேதான் நமக்கொரு பொறுப்பு உண்டு. மென்பொருள் கணக்கை அறியும். நிறத்தை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். நிறத்தின் பெயரில் நமக்குள் ஒற்றுமை இருக்கிறதா? பழுப்பு என்றால் சிலருக்குக் காய்ந்த இலையின் மங்கிய மஞ்சள். அவர்கள் இந்நிறத்தைக் காப்பிக் கலர் என்பர். நம் மலையாள அண்டை வீட்டார் தவிட்டு நிறம் என்று சொல்வது எவ்வளவு தெளிவு! தவிடு தமிழுக்கும் உரிய சொல்லே. ஊதா இன்னும் இடர் மிக்கது. நூலில் அது வயலட். பேச்சிலோ பலர் நீலத்தையே ஊதா என்று அழைப்பர். ஆறும் ஏழும் மாறிப்போகும். 4700 ஓம் 4600 ஆகும். அப்படியோர் அளவு வழக்கில் இல்லாமையால் மென்பொருள் பிழையைக் காட்டிக்கொடுக்கக் கூடும். ஆயினும் 68க்கு உரிய நீலம், சாம்பலை ஊதா, சாம்பல் என்று கொண்டு மாணவன் தடுமாறுவதைத் தவிர்க்கக் கத்தரிப்பூ நிறம் என்று கற்பிப்பது நன்று என்பது எம் கருத்து. ஆரஞ்சைக் காவி என்பாரும் உளர், அதனால் கேடில்லை.

பெயர் சரியாக இருந்தாலும் கண் தவறலாம். மாலை வெளிச்சத்தில் பழுப்பும் கருப்பும் ஒன்றுபோல் தெரியும். 220 ஓம் என்று நினைத்து 22 ஓமை வைத்தால், கணக்கின்படி ஓட்டம் 130 மில்லியாம்பியரைக் கடக்கும். ஆர்டுயினோ ஊனோவின் ஒரு முனை தாங்கும் உச்சம் 40தான். விளக்கும் போகும்; பலகையும் போகலாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடைய பிள்ளைகளும் வகுப்பில் இருப்பர்; அவர்களுக்கு வளையம் படிப்பது இயல்பாகவே கடினம் என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும்.

கண் கூர்மையாக இருந்தும் விடை இரண்டாகும் இடமும் உண்டு. நூற்றுக்கு ஒன்று மட்டுமே ஏற்ற இறக்கமுள்ள நுண்மின்தடைகளில் ஐந்து வளையங்கள். பழுப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு, பழுப்பு என்றால் 1000 ஓம். அதனையே மறுபுறமிருந்து படித்தால் பழுப்பு, பழுப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு; 110 ஓம். இரண்டும் கடையில் விற்கும் அளவுகளே. மென்பொருள் இரண்டையும் தயங்காது ஏற்கும். கடைசி வளையம் சற்றே விலகி இருக்கும் என்பர். மலிவான சரக்கில் அவ்விலகல் தெரிவதில்லை. அப்போது அளவுமானியின் இரு முனைகளையும் வைத்துப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை. நம் சங்கப் படிப்பகத்தில் செய்தித்தாள் மேசைக்கு அருகே ஓர் அளவுமானியும், தவிட்டு நிறம் ஒன்று, கத்தரிப்பூ நிறம் ஏழு என்று தமிழில் எழுதிய ஓர் அட்டையும் இருக்குமானால், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் மாலையில் அங்கேயே சோதித்துப் பார்த்துக்கொள்வர். இவ்வாண்டுச் செயற்குழு இதனைக் கருத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.