பிறரன்பும் வைத்தியர் கிறீனும்

இறைவனிடத்து அன்பு, அயலானிடத்து அன்பு ஆகிய இரு கட்டளைகளிலே வேதப்பிரமாணம் முழுவதும் அடங்குமென்பது இயேசுவின் போதனை. முன்னையது கண்ணுக்குப் புலனாவதன்று. பின்னையதன் வாயிலாகவே அதனை உணர்தல் கூடும். யாழ்ப்பாண வரலாற்றில் இதற்குச் சிறந்த சான்றாக அமைவது வைத்தியர் சாமுவேல் கிறீனின் பணியாகும்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டில் மானிப்பாயில் வைத்தியப் பணியை ஆரம்பித்தார். மிஷனின் நோக்கம் மதமாற்றமே என்பதை மறுப்பதற்கில்லை. கிறீனும் அதனை மறைத்தவரல்லர். ஆயினும் சைவரும் அவரிடம் சிகிச்சை பெற்றனர்.

விடுமுறையில் தாயகம் சென்று 1862 இல் மீண்ட பின்னர், மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். ஆங்கிலமே உத்தியோகத்துக்கு வழியாயிருந்த காலம் அது. மாணவர் அதனை நாடியதில் வியப்பில்லை. ஆனால், ஆங்கிலத்திற் கற்றவர் அரசாங்க வேலை தேடி அகல்வர், தமிழிற் கற்றவரே கிராமத்து நோயாளியை விட்டு நீங்கார் என்பது கிறீனின் கணிப்பு. அயலானை நேசிப்பவன் அவன் மொழியையும் வருந்திக் கற்றல் வேண்டும் போலும்! ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் இவ்வுழைப்பின் பயனாய்த் தோன்றியவை. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை அவர் பயிற்றுவித்தார். சுகாதார நூல்களினும் சொற்பொழிவுகளினும் அவரது உண்மையான பிரசங்கம் இம்மாணவரே எனலாம்.

1873 இல் நாடு திரும்பிய கிறீன் 1884 இல் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியராய் இருந்தவர் என்று தமது கல்லறையிற் பொறிக்கப்படுவதையே அவர் விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது.