தங்கவயல் வாசகனும் பீட்டர் ஓ'டொனலும்: மாடஸ்டியைப் படைத்தவரின் வரலாறு

கோலார் தங்க வயலின் வரலாற்றை எழுத முற்படுவோர் 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோ மீட்டருக்கும் கீழே இறங்கியது என்று வரிசையாகச் சொல்வது வழக்கம். வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நம் முன்னோர் லைன் வீடுகளில் பட்ட பாட்டையும் பலர் நன்றாகவே பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த லைன் வீட்டுத் திண்ணைகளில் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்பதை யாரும் எழுதியதாக நான் பார்க்கவில்லை. கன்னட நாட்டில், ஆந்திர எல்லையோரம் இருந்த ஓர் ஊரில் தமிழ் எப்படி நின்றது என்று கேட்டால், பள்ளிக்கூடம், சங்கம், கோயில், சர்ச் என்று சொல்லுவோம். அந்தப் பட்டியலில் சிவகாசியில் அச்சான படக்கதைப் புத்தகத்துக்கும் ஓர் இடம் உண்டு. அதில் நான் மிகவும் விரும்பிப் படித்த ஒரு கதைத்தொடரையும், அதை எழுதிய ஆங்கிலேயரின் வாழ்க்கையையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

சிவகாசி வழியே வந்த இங்கிலாந்து

1972இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் கதை 'இரும்புக்கை மாயாவி'. லண்டனில் 1962 முதல் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழில் வந்த கதை அது. அதே 1972ஆம் ஆண்டில்தான் நம்ம சுரங்கம் 'பாரத் கோல்ட் மைன்ஸ்' என்ற பெயரில் மத்திய அரசின் நிறுவனமாயிற்று. வெள்ளைக்கார துரைமார் பங்களாக்களைக் காலி செய்து போய்விட்டார்கள். வெள்ளைக்காரர் எழுதிய கதைகள் தமிழ் பேசிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டன!

1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. அதே மாதத்தில் ராணி காமிக்ஸும் ஜேம்ஸ் பாண்ட் கதையோடு பிறந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு புத்தகம் வாங்கினால் அது எங்கள் லைனில் பத்து வீடு சுற்றி, அட்டை கிழிந்து, கோதுமைப் பசை ஒட்டித்தான் திரும்பும். நைட் ஷிப்டு முடிந்து வந்த அப்பாகூட, "எங்கடா அந்தப் பொம்பளை கதை?" என்று கேட்டு வாங்கிப் படிப்பார். அப்பாவுக்குச் செய்தித்தாளின் நீண்ட வாக்கியங்கள் ஓடாது. படத்தோடு வந்த சிறு வாக்கியம் ஓடியது. இப்படி எழுத்துக்கூட்டிப் பழகியவர்கள் எங்கள் லைனில் பல பேர்.

மாடஸ்டியை எல்லோருக்கும் தெரியும், கார்வினையும் தெரியும். எழுதியவர் யார் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

எழுதியவர் யார்?

பீட்டர் ஓ'டொனல் 1920 ஏப்ரல் 11 அன்று லண்டனில் லூயிஷம் பகுதியில் பிறந்தார். தந்தை பத்திரிகையில் குற்றச் செய்தி எழுதியவர். மகன் பதினாறு வயதிலேயே எழுதிச் சம்பாதிக்கத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவில் பணியாற்றினார்.

1942இல் அவர் பாரசீகத்தின் வடபகுதியில் ஒரு சிறு வயர்லெஸ் குழுவோடு முகாமிட்டிருந்தார். போருக்குத் தப்பி வந்த அகதிகள் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி தனியாக வந்தாள். கழுத்தில் ஒரு கயிறு. அதில் ஆணி கட்டிய ஒரு மரத்துண்டு. அதுதான் அவளுக்குக் காவல். சிப்பாய்கள் கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டாள். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். கொஞ்சம் உணவு டப்பாக்களும் அவற்றைத் திறக்க ஒரு கருவியும் கொடுத்தார்கள். ஒரு புன்னகை செய்துவிட்டுத் தெற்கு நோக்கி நடந்து போய்விட்டாள். பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. அந்தப் பெண் இருபது ஆண்டு அவர் மனதை விட்டுப் போகவில்லை.

போர் முடிந்ததும் ஓ'டொனல் நாளிதழ்களில் படக்கதை எழுதலானார். 1953 முதல் 1966 வரை 'கார்த்' தொடரை எழுதினார். 1956இல் 'ரோமியோ பிரவுன்' தொடரில் ஓவியர் ஜிம் ஹோல்டவே அவரோடு சேர்ந்தார். 'டாக்டர் நோ' நாவலை 1960இல் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழுக்குப் படக்கதையாக மாற்றியவரும் இவரே.

பிறகு, புதிதாக ஒரு தொடர் வேண்டும் என்று கேட்கப்பட்டபோது அந்த அகதிச் சிறுமி நினைவுக்கு வந்தாள். முகாம் முகாமாக அலைந்து, தன் பெயரையே தானே தேடிக்கொண்டு, ஒரு கடத்தல் கூட்டத்துக்குத் தலைவியாகி, பின்பு அதைக் கலைத்துவிட்டு நியாயத்தின் பக்கம் நின்று போராடும் மாடஸ்டி பிளைசி பிறந்தாள். கேட்ட பத்திரிகையோ, குற்றப் பின்னணி உள்ள பெண் கதாநாயகியா என்று கைவிட்டது. 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' என்ற மாலை நாளிதழ் எடுத்துக்கொண்டு 1963 மே 13 அன்று வெளியிடத் தொடங்கியது.

நாளுக்கு மூன்று கட்டம்தான் இடம். அந்த மூன்றுக்குள் நேற்றைய கதையை நினைவூட்ட வேண்டும், இன்றைக்கு ஒன்று நடக்க வேண்டும், நாளைக்கு வாங்கிப் படிக்க ஆவல் மூட்ட வேண்டும். ஹோல்டவே 1970இல் திடீரென இறந்த பிறகு ஸ்பெயின் நாட்டு ரொமேரோவும் வேறு சிலரும் படம் வரைந்தார்கள். எழுதிய கை மட்டும் மாறவே இல்லை. முப்பத்தெட்டு ஆண்டுகளில் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட கதைகள்!

சினிமாவும் நாவலும்

1966இல் ஜோசப் லோசி இயக்கத்தில், மோனிகா விட்டி நடிக்க, மாடஸ்டி திரைப்படமாக வந்தது. முதலில் திரைக்கதை எழுதியவர் ஓ'டொனல்தான். பல கை பட்டு, கடைசியில் அவர் எழுதியதில் ஒரே ஒரு வசனம்தான் மிஞ்சியது என்று அவரே சொல்லியிருக்கிறார். கதாசிரியருக்குச் சினிமாவில் நேர்கிற கதி நம் கோடம்பாக்கத்தில் மட்டும் அல்ல. ஆனால் மனிதர் சோர்ந்துவிடவில்லை. அதே திரைக்கதையை நாவலாக்கினார். படம் வருவதற்கு முன்பே, 1965இல், நாவல் வந்தது. படம் சுமாராகப் போக, நாவல் நின்றது. 1996 வரை பதின்மூன்று மாடஸ்டி நூல்கள் வந்தன. 1968இல் ஹாம்மர் நிறுவனத்துக்காக 'தி வெஞ்சன்ஸ் ஆஃப் ஷி' படத்தின் திரைக்கதையையும் எழுதினார்.

இன்னொரு செய்தி சுவையானது. மெடலின் பிரென்ட் என்ற பெண் பெயரில் அவர் நாவல்கள் எழுதி, 1978இல் இங்கிலாந்தின் காதல் நாவல் விருதையும் பெற்றார். எழுதியது ஓர் ஆண் என்று வாசகர்களுக்கு நெடுநாள் தெரியாது. தன் பெயர் முன்னால் நிற்க வேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

2001

2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குச் சரியாக ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 11 அன்று, தமது 81ஆம் பிறந்த நாளில் ஓ'டொனல் மாடஸ்டி தொடரை முடித்துக்கொண்டார். இந்த இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. என் போன்றோருக்கு மட்டும் இரண்டும் ஒரே கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. ஓ'டொனல் 2010 மே 3 அன்று மறைந்தார்.

சங்கு ஊதுவது நின்றபின் நம் ஊரில் என்ன ஆயிற்று என்று இந்த மலரைப் படிக்கும் பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம் பெருகிற்று. பலர் ஊரையே விட்டுப் புறப்பட்டார்கள். நான் இப்போது புனேயில் இருக்கிறேன். ஊர் விட்ட ஒரு குழந்தை, இருந்த கொஞ்சத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, யாருக்கும் தலை குனியாமல் நடந்து போன கதை ஏன் எங்களுக்கு அவ்வளவு பிடித்தது என்பது இப்போது எனக்குப் புரிகிறது. எங்கள் பாட்டனாரும் வட ஆற்காட்டிலிருந்து அப்படித்தான் நடந்து வந்தவர்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், படிக்கத் தெரியவில்லை. அவர்களுக்கு எடுத்த எடுப்பில் இலக்கண நூலை நீட்ட வேண்டாம். படமும் சிறு வாக்கியமும் உள்ள புத்தகத்தைக் கொடுப்போம். லயனும் முத்துவும் இந்த நூற்றாண்டிலும் புத்தகம் போட்டு வருகின்றன. பரணில் பழைய இதழ்கள் வைத்திருப்பவர்கள் பழைய பேப்பர்காரரிடம் எடை போடாமல் நம் சங்க நூலகத்துக்குக் கொடுங்கள். தங்கவயலில் பூமிக்கடியில் தங்கம் எடுத்தவர்களின் பெயரை எப்படி யாரும் எழுதி வைக்கவில்லையோ, அப்படியே இந்தக் கதைகளை எழுதியவர் பெயரும் தமிழாக்கியவர் பெயரும் நம்மிடையே பேசப்படாமல் போயின. அடுத்த தலைமுறை படிக்கும்போது, எழுதியவர் யார் என்றும் சேர்த்துக் கேட்கப் பழக்குவோம்.