தீக்காப்பு உறை (விமான எஞ்சின் குழாய்)

தீக்காப்பு உறை என்பது, சொந்தமாகக் கட்டப்படுபவை உள்ளிட்ட சிறு விமானங்களின் எஞ்சின் பகுதியில் எரிபொருளும் எண்ணெயும் செல்லும் ரப்பர் குழாய்களின்மேல் மாட்டப்படும் வெப்பத் தடுப்பு உறையாகும். ‘ஃபயர் ஸ்லீவ்’ என்றும் வழங்கும். பின்னிய கண்ணாடி இழையின்மேல் செங்கல் நிறச் சிலிக்கோன் ரப்பர் பூசிச் செய்யப்படுகிறது. முன்பு கல்நார் பயன்பட்டது. தொடர்ச்சியாக ஏறத்தாழ 260 பாகை செல்சியசையும், தீப்பிடித்தால் சில நிமிடங்களுக்கு 1,090 பாகை வெப்பத்தையும் தாங்கும். விமானி எரிபொருளை அடைத்துத் தரையிறங்க அந்நிமிடங்களே அவகாசம்.

உறையின் வெட்டுமுனைகளே அதன் பலவீனம். திறந்திருக்கும் இழை கசியும் எண்ணெயைத் திரிபோல் உறிஞ்சும், காப்பே எரிபொருளாகிவிடும். எனவே முனைகளைச் சிலிக்கோனில் தோய்த்து, துருப்பிடிக்காத எஃகுப் பட்டையால் இறுக்குவர். உறை குழாயின் வெடிப்புகளை மறைப்பதால், குழாயைக் காலக்கெடுவில் மாற்றுவது அவசியம்.

இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். ஆகவே எரிபொருள் குழாய்களின் உட்புறம் நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பராலோ டெஃப்லானாலோ ஆனது.

அமெரிக்காவில் சான்றளிக்கப்பட்ட விமானங்களின் எஞ்சின் பகுதிக் குழாய்கள் தீயைத் தாங்கவேண்டும் என்பது விதி. சொந்தக் கட்டுமான விமானங்களுக்கு அது கட்டாயமில்லை. ஆயினும் உறையிடாத எரிபொருள் குழாயுடன் பறப்பது ஏற்கத்தக்கதன்று.